கால் ஒடிந்த நாலு

என் தங்கையின் கணவர் ஒரு கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தடவைகூட அவர் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் இருக்கையின் தோல் சுருங்குமாம். சுருங்கினால் விலை குறையுமாம். ஓட்டினால் மீட்டரில் எண் ஏறும். எண் ஏறினால் விலை இறங்கும். அதனால் குளிரூட்டிய கிடங்கு ஒன்றில் மாத வாடகைக்கு நிறுத்தி, துணி போட்டு மூடி, மாதம் ஒருமுறை போய்த் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும்.

அது அப்படி மூடி வைக்கிற வண்டியே இல்லை. கிராண்ட் டூரிங் என்று சொல்வார்கள். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், பின்னால் ஒரு வாரத்துக்கான பெட்டிகளை வைக்க இடம். காலையில் சாவியைத் திருகினால் சாயங்காலத்துக்குள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய், கசங்காத சட்டையோடு இறங்கலாம். அதற்காகவே மெனக்கெட்டுச் செய்தார்கள். மொத்தம் எழுநூறு சொச்சம்தான் செய்தார்கள், அப்புறம் அந்தக் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள். ஓடுவதற்கென்றே பிறந்த வண்டியை ஓடாமல் வைத்திருப்பதற்குத்தான் விலை என்றால், விலை வைத்தவனின் மண்டையில் ஓங்கி ஒன்று போட வேண்டாமா?

நான் பழைய கார் மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷம் கையில் கிரீஸோடு இருந்தேன். வலது தோள்பட்டை கெட்டுப்போன பிறகு ஸ்பேனரைக் குறைத்துக்கொண்டு, பழைய வண்டிகளைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுகிறேன். தொழிலில் எனக்கு மிளகாய் என்று பெயர். என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரு வண்டியின் அடித்தகட்டில் துரு இருந்தால் துரு இருக்கிறது என்று எழுதுவேன்; அதை மறைத்துப் பூசியவன் யார் என்றும் எழுதுவேன். வண்டிச் சொந்தக்காரர்கள் திட்டுவார்கள். வாங்க வருகிறவர்களோ மிளகாய் ரிப்போர்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இத்தனை கோபம் வருகிறவனுக்குப் பொய் சொல்ல நேரம் ஏது என்பது அவர்கள் கணக்கு.

மாப்பிள்ளைக்கு நான் வைத்த பெயர் கிராஃப். மருந்து கம்பெனி பிரதிநிதியாக இருபது வருஷம் டாக்டர்களிடம் கோடு போட்ட படங்களைக் காட்டியே பிழைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மதியம், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டை நகர்த்திவிட்டு எனக்கும் ஒரு படம் காட்டினார். கீழேயிருந்து மேலே ஏறும் ஒரு சிவப்புக் கோடு.

"பாருங்க மச்சான். பதினஞ்சு வருஷத்துல நாலு மடங்கு. தங்கம்கூட இவ்ளோ ஏறல. எழுநூறு வண்டிதான் செஞ்சாங்க, இனிமே ஒண்ணுகூட புதுசா வராது. சின்ன வயசுல இந்த வண்டியப் படத்துல பார்த்து ஏங்கினவங்க எல்லாம் இப்ப பணக்காரங்க. அவங்க வாங்காம வேற யார் வாங்குவா? இது கார் இல்ல, முதலீடு."

"அந்தப் பணக்காரங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷத்துல முட்டி வலி வந்துடும், மாப்ள. இந்த வண்டியில குனிஞ்சு ஏற முடியாது. அவங்க பிள்ளைங்களுக்கு கியர் போடவே தெரியாது. அப்ப உங்க கோடு என்ன பண்ணும்? மேலயே போகணும்னு அதுக்கு யாராவது சத்தியம் வாங்கி வச்சிருக்காங்களா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். "சரி, ஒரே ஒரு தடவை வந்து வண்டியப் பாருங்க. நீங்க சரின்னா வாங்குறோம். வேண்டாம்னா விட்டுடுறோம்," என்றார்.

"காரை முதலீடுன்னு சொல்ற வாய்க்கு நான் எந்த வண்டியையும் பார்த்துச் சொல்ல மாட்டேன். உங்க கோட்டையே கேட்டுக்குங்க!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டேன். தங்கை வாசல் வரை பின்னால் வந்தாள். காருக்குப் போகவிருந்தது அவள் பணம். இருபது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்து, விலகியபோது கையில் வந்த மொத்தத் தொகை.

"எனக்காக வந்து பாரேன், அண்ணா. ஒரு நிமிஷம்தானே?"

"முடியாதுன்னா முடியாதுதான்."

பட்டறைக்கு வந்து இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். முதலீடாம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வயிறு குளிர்ந்தது.

அவர்கள் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டி, நாற்பது பக்க ரிப்போர்ட் வாங்கி, வண்டியையும் வாங்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் வைத்திருந்து விற்பது, வருகிற பணத்தில் தங்கை சொந்தமாக சிகிச்சை நிலையம் வைப்பது என்று ஏற்பாடு. அதுவரை அவள் வேறொருவரின் கிளினிக்கில் மணிக்கணக்குக்கு வேலை பார்த்தாள். நோயாளிகள் அவளைத் தேடித்தான் வருவார்கள், கல்லாப்பெட்டி மட்டும் அடுத்தவருடையது.

ஞாயிறுதோறும் காலையில் என் வீட்டுக்கு வந்து என் தோளைப் பிடித்துவிடுவாள். பிடித்துவிடுவது என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "இது மசாஜ் இல்ல, சிகிச்சை," என்பாள். கட்டைவிரலை எலும்புக்கு அடியில் கொடுத்து அழுத்தும்போது எனக்கு உயிர் போகும். "கத்தாத, பக்கத்து வீட்டுல கேட்கும்," என்பாள். ஒரு காசு வாங்க மாட்டாள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். "ரூம் பார்த்துட்டேன், அண்ணா. ரெண்டு ரூம், தரைத்தளம். பேக்கரிக்குப் பக்கத்துல. முன்னாடி சரிவு இருக்கு, சக்கர நாற்காலி நேரா உள்ள வந்துடும். அந்தச் சரிவுக்காகவே எடுக்கணும்னு தோணுச்சு. மாசக் கடைசி வரைக்கும் எனக்காக வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க."

"வண்டி?"

"வாங்க ஆள் வந்தாச்சு. நல்ல விலை. ஆனா அவர் உன் ரிப்போர்ட் இல்லாம வாங்க மாட்டாராம்."

"நான் உன் அண்ணன்னு அவருக்குத் தெரியுமா?"

"தரகர் சொல்லிட்டார். அதுக்கு அவர், சொந்தக்காரங்க வண்டின்னா மிளகாய் இன்னும் ரெண்டு மடங்கு காரமா எழுதுவாரு, அதனால பரவாயில்லன்னாராம்."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை முடியாது என்று சொல்லவில்லை. வண்டி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தச் சரிவு அவளுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை கிடங்குக்குப் போனேன்.

கிடங்கா அது? ஐ.சி.யூ. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கையுறை கொடுத்தார்கள். உள்ளே வரிசையாக நாற்பது கார்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நின்றன. எந்த வண்டியிலும் எண்ணெய் வாசனை இல்லை. தரகர் என்னோடு நடந்துவந்தார். அவர் பூசியிருந்த சென்ட்தான் அந்த இடத்திலேயே கொஞ்சம் உயிரோடு இருந்தது.

துணியை விலக்கினார்கள். வெள்ளி கலந்த நீலம். எவனோ கைதேர்ந்தவன் அடித்த வர்ணம். கதவைத் திறந்து ஒரு விரலால் தள்ளினேன், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மனசுக்குள் கும்பிடு போட்டேன். அப்புறம் கீழே குனிந்தேன், கும்பிடெல்லாம் போய்விட்டது. இரண்டு வருஷம் ஒரே இடத்தில் நின்றதில் நாலு டயரும் அடியில் தட்டையாகிவிட்டன. கியர் பெட்டியின் ரப்பர் சீல் காய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. பிரேக் பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. ஓட்டாமலே ஒரு வண்டியைக் கொல்வது எப்படி என்று பாடம் நடத்தலாம்.

"இதுக்கு மாச வாடகை வேற!" என்று கத்தினேன். காவலாளி உதட்டில் விரலை வைத்தான்.

"அதெல்லாம் சின்ன விஷயம், சார். நம்பர் மேட்சிங், அதப் பாருங்க," என்றார் தரகர்.

இந்த வியாபாரத்தின் உயிர்நாடி அதுதான். தொழிற்சாலையில் ஒரு வண்டியின் சட்டத்துக்கு எந்த இன்ஜினைப் பொருத்தினார்களோ அதே இன்ஜின் இன்றைக்கும் அதில் இருந்தால் முழு விலை. மாற்றிய இன்ஜினாக இருந்தால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், கிட்டத்தட்ட பாதி விலை. ஓட்டவே போகாத வண்டியில் எந்த இன்ஜின் இருந்தால் இவர்களுக்கு என்ன என்று நான் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் சந்தை அப்படித்தான் இருக்கிறது.

பானெட்டைத் தூக்கினேன். இன்ஜினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டில், கட்டைவிரல் அகலத்துக்கு வழவழப்பாக ஒரு பட்டை இருக்கும். அதில் பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்து, இன்ஜின் எண்ணைக் கையால் குத்தியிருப்பார்கள். டார்ச்சை அடித்து, சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். ஏழு எண்கள். நடுவில் ஒரு நாலு. அந்த நாலின் காலில், அடியில், ஒரு துணுக்கு இல்லை.

டார்ச்சை அணைத்தேன். மறுபடி போட்டேன். நாலு அப்படியே கால் ஒடிந்து நின்றது.

"அதப் பத்தி பழைய ரிப்போர்ட்லயே போட்டிருக்கு," என்று தரகர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 'நாலு என்ற எண்ணின் அடிப்பகுதியில் காணப்படும் குறைவு, தொழிற்சாலையில் கையால் பயன்படுத்தப்பட்ட தேய்ந்த பஞ்ச் அச்சைக் குறிக்கிறது. இது இன்ஜினின் அசல் தன்மைக்கு வலுவான சான்று.'

நாற்பது பக்கம் எழுதினவனை வேறு நாளில் நேரில் பார்த்திருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பேன். அன்றைக்குப் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பு மாட்ட மறந்து தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

பட்டறையில் என் மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் சைபர் முதல் எட்டு வரை ஒன்பது இரும்புப் பஞ்ச் அச்சுகள். ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது, அதற்குத் தனிப் பஞ்ச் கிடையாது. நாலை எடுத்து ஒரு அலுமினியத் துண்டின் மேல் வைத்து, சுத்தியலால் ஒரே அடி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். போட்டோவில் பார்த்தேன். ஒன்றுதான்.

முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன் அந்த வண்டி சிவப்பாக இருந்தது. சொந்தக்காரர் வயலின் வாசிப்பவர், ஊர் ஊராக அதில்தான் கச்சேரிக்குப் போவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து புது பிளாக் வரவழைத்தோம். உதிரிபாகமாக வருகிற பிளாக்கில் எண் இருக்காது, பட்டை வெறுமையாக இருக்கும். வண்டியின் பதிவுப் புத்தகத்திலோ பழைய எண். வேறு எண் குத்தினால் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம், பரிசோதனை, மறுபதிவு என்று மூன்று மாதம் இழுத்தடிப்பார்கள். அதனால் எல்லாப் பட்டறையிலும் ஒரே வழக்கம்: பழைய எண்ணையே புது பிளாக்கில் குத்திவிடுவது. கம்பெனியின் உதிரிபாகக் கடையிலேயே அதற்கான பஞ்ச் செட்டும் விற்பார்கள், எழுத்து அச்சு அசலாகத் தொழிற்சாலை எழுத்து மாதிரியே இருக்கும். எவனும் அதைத் திருட்டாக நினைக்கவில்லை. அந்த எண்ணுக்காக எவனும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுத்த காலம் இல்லை அது. அதற்கு முன்பே ஒருமுறை, நாலு குத்தும் பஞ்ச் அச்சைச் சிமெண்ட் தரையில் போட்டுவிட்டேன். நுனி போய்விட்டது. புதிதாக வாங்கச் சோம்பல்பட்டு அதையே வைத்துக்கொண்டேன்.

நான் ஒரு மனிதரின் கச்சேரி தவறிவிடக் கூடாதென்று குத்திய எண்ணுக்கு, என் தங்கை இருபது வருஷ உழைப்பைக் கொட்டிக் கொடுத்திருக்கிறாள்.

உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான். வயலின்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டறை முதலாளியும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் தங்கைக்கு ரூம் உண்டு, சரிவு உண்டு, எல்லாம் உண்டு. அன்றைக்கு முழுக்க அந்தத் தகரப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளையே பட்டறைக்கு வந்துவிட்டார். தரகர் நான் வெளியேறிய லட்சணத்தைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நான் அலுமினியத் துண்டையும் போட்டோவையும் அவர் முன்னால் தள்ளிவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப ஏன் மச்சான் எழுதணும்?"

"என்னது?"

"அந்த நிறுவனமே அசல்னு எழுதிக் குடுத்திருக்கு. வாங்குறவரும் சந்தோஷமா வாங்குறாரு. அவரும் ஓட்டப் போறதில்ல, வச்சிருந்து அடுத்தவருக்கு விப்பாரு. யாருக்கு என்ன நஷ்டம்? உங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சது உங்களோடயே இருந்துட்டுப் போகட்டுமே."

"வெளிய போங்க, மாப்ள!" ரேக்கிலிருந்த ஸ்பேனர்கள் அதிரும்படி கத்தினேன். "இத்தனை வருஷம் ஊர் முழுக்க விரோதம் சம்பாதிச்சு வச்ச கையெழுத்து இது. உங்க கோட்டுக்குக் கொண்டை வைக்கிறதுக்கு இல்ல! அன்னைக்கே சொன்னேனா இல்லையா, இது முதலீடு இல்ல, பைத்தியக்காரத்தனம்னு? கேட்டீங்களா? யாரக் கேட்டு வாங்கினீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரலை உயர்த்தினார்.

"உங்களத்தான் கேட்டோம்!"

நான் அலுமினியத் துண்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வந்து பாருங்க, வேண்டாம்னா விட்டுடுறோம்னு சொன்னேனே மச்சான். அவ வாசல் வரைக்கும் வந்து கெஞ்சினா. அன்னைக்கு நீங்க அந்த நம்பரப் பார்த்திருந்தா இன்னைக்கு நாம இங்க உட்கார்ந்திருப்போமா? நான் கோட்டப் பார்த்து ஏமாந்தேன், சரி. நீங்க எதப் பார்த்து வராம இருந்தீங்க?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். துரத்திப் போய்த் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சுத்தியலை எடுத்து அந்த அலுமினியத் துண்டை அடித்து நசுக்கினேன். தோள்பட்டையில் சுளீரென்று பிடித்துக்கொண்டது.

அன்று மதியம் தங்கை வேலை செய்யும் கிளினிக்குக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளை. பின்பக்க அறையில் நோயாளிகள் கை நீட்டிப் பழகும் கயிறுகளுக்கு நடுவே, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. கணவர் போனில் சொல்லிவிட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அழுவாள், எனக்காகப் பொய் எழுது என்று கேட்பாள் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். உள்ளூர, கேட்டால் நல்லது என்றும் இருந்தது. அப்போது அவளிடமும் கத்தலாம்.

அவள் அதைக் கேட்கவே இல்லை. "எழுதத்தான போற?" என்றாள்.

"வேற வழி இல்லம்மா."

"எழுது. பொய்ப் பணத்துல ரூம் எடுத்து நான் என்ன பண்றது?" டப்பாவை மூடினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு வந்து பார்த்திருந்தா, கண்டுபிடிச்சிருப்பியா?"

"கண்டுபிடிச்சிருப்பேன்."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

பானெட்டைத் தூக்கி, டார்ச்சை அடித்து, கண்ணாடியைச் சாய்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் ஆகியிருக்கும், பிளாக்கைச் சுரண்டிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஒரு இடத்தில் பொய் சொல்ல எனக்கு மனசு துடித்தது.

"ஒரு நிமிஷம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கோபம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன் என்று அம்மா சொல்வாள். அது தப்பு. அவள் கோபம் அவளிடமே பத்திரமாக இருந்திருக்கிறது.

"உன் கோபத்த எல்லாரும் உன் நேர்மைன்னு சொல்றாங்க," என்றாள். "நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். என் அண்ணன் கத்துவான், ஆனா மனசு தங்கம்னு. தங்கமா இருந்தா என்ன, எனக்கு ஒரு நிமிஷம் குடுக்கல. உன் மாப்பிள்ளைய மட்டம் தட்டணும்ங்கிற ஆசை உனக்குப் பெரிசாப் போச்சு. அதுக்கு என் காசு பலி. இப்ப உண்மைய எழுதிட்டு, ஊர்ல இன்னும் நல்ல பேர் வாங்கிக்கோ."

"அப்படி இல்லம்மா…"

"ரெண்டு மணிக்கு ஆள் வருவாங்க. கிளம்பு."

ரிப்போர்ட்டை அன்றைக்கே எழுதினேன். 'இன்ஜின் மாற்றப்பட்டது. பட்டையிலுள்ள எண் தொழிற்சாலையில் குத்தியதல்ல. அதைக் குத்தியது நான்.' தேதி, பட்டறை, காரணம், பஞ்ச் அச்சின் போட்டோ எல்லாம் சேர்த்தேன். சந்தை மதிப்பு என்ற இடத்தில் பாதி விலையை எழுதினேன். எதிர்கால வாய்ப்பு என்ற இடத்தில் வழக்கமாக நான் அரைப் பக்கம் வசை எழுதுவேன். இந்த முறை, 'ஓட்டினால் நன்றாக ஓடும்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் சொன்னது போல நல்ல பெயரெல்லாம் வரவில்லை. இன்னும் எத்தனை வண்டியில குத்தி வச்சிருக்கீங்க மிளகாய் என்று தரகர்கள் போன் செய்து கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஞாபகம் இருந்தவற்றைச் சொன்னேன், அந்தச் சொந்தக்காரர்களும் என்னைத் திட்டினார்கள். மதிப்பீட்டு நிறுவனம், தங்கள் கருத்து அன்றைக்குக் கிடைத்த தகவலின் அடிப்படையிலானது என்று இரண்டு வரிக் கடிதம் அனுப்பிக் கையைக் கழுவிக்கொண்டது. வாங்க வந்தவர் விலகிவிட்டார். ஒரு மாதம் கழித்து வேறொருவர் பாதி விலைக்கு வாங்கினார். பல் டாக்டர். மனைவியையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, டயரையும் பிரேக்கையும் சரிசெய்த மறுநாளே எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினாராம். இதைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன்.

பேக்கரிக்குப் பக்கத்து ரூமில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்தச் சரிவில் ஒரு விளம்பரப் பலகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது பலகையை இழுத்துத் தள்ளிவிட்டுக் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றேன். அவனுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

என்னிடம் இருந்ததைப் புரட்டி ஒரு கவரில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். மறுநாள் அது பிரிக்கப்படாமல் பட்டறைக்குத் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தங்கை வருவதில்லை. போன் செய்தால் எடுத்து, நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

ஆறு வாரத்தில் தோள்பட்டை இறுகிவிட்டது. சட்டை மாட்டக் கை தூக்க வரவில்லை. அவள் வேலை செய்யும் கிளினிக்குக்குப் போய், முன்னால் இருந்த பெண்ணிடம் பெயர் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்றே கால் மணி நேரம். நடுவில் வந்த ஒரு ஆள் முந்திக்கொண்டு உள்ளே போனான். நான் காலை மடக்கி அவனுக்கு வழி விட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவள் என் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரையை இழுத்துவிட்டாள்.

"சட்டையக் கழட்டுங்க. இப்படித் திரும்பி உட்காருங்க."

கட்டைவிரலை எலும்புக்கு அடியில் கொடுத்தாள். அதே கை, அதே இடம். அழுத்தம்கூட ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் கத்தவில்லை.

"வலிச்சா சொல்லுங்க."

"வலிக்குதும்மா."

"பழசு. சரியாக நாளாகும்."

இருபது நிமிஷம் பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், காது உயரத்துக்கு வந்தது. கை கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"வாரத்துக்கு ஒரு தடவ வாங்க. பீஸ வெளிய கவுன்டர்ல கட்டிட்டுப் போங்க."

கட்டினேன். கவுன்டர் பெண் ரசீது கொடுத்தாள். அதில் மேலே கிளினிக் முதலாளியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தங்கையின் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த வாரத்துக்கும் ஒரு சீட்டு போட்டுத் தரச் சொன்னேன்.